ஏரவாடாப் பாலமும் சைக்கிள் பயணியின் பாதுகாப்பும்

முன்னர் பூனா என்று வழங்கிய புனே மாநகரம், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ‘சைக்கிள் நகரம்’ என்று நாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. கல்லூரி மாணவரும், அலுவலகக் குமாஸ்தாக்களும், கிர்க்கித் தொழிற்சாலைகளின் தொழிலாளரும் சைக்கிளிலேயே சென்று வந்தனர். பெண்கள் சைக்கிளேறுவதை அந்நகரம் வியப்புடன் நோக்கவில்லை. அச்சைக்கிள்களைச் சாலையோரத்திற்குத் தள்ளிய வாகனங்கள் வெகுதொலைவிலிருந்து வந்தவையும் அல்ல. புனேயை அடுத்த ஆகுர்டியில் பஜாஜ் ஸ்கூட்டர்கள் தயாராயின. புனேயைச் சேர்ந்த கைனடிக் நிறுவனம் 1972-ம் ஆண்டில் ‘லூனா’ என்னும் மொபெட்டை வெளியிட்டது. 2018-ம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நகரில் பதிவு பெற்றிருந்த வாகனங்கள் ஏறத்தாழ 36 லட்சம். மக்கள் தொகையோ மதிப்பீட்டின்படி 35 லட்சம். தலைக்கு ஒரு வண்டிக்கு மேல் ஆகிவிட்ட அத்தகைய நகரில் சைக்கிளில் செல்பவன் எவ்வாறு உயிரோடு வீடு திரும்புவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை ஆராய்வதற்கு ஏரவாடா ஏற்ற இடமாகும். முளா, முட்டா என்னும் இரு ஆறுகளும் கூடி ஓடும் ஆற்றின் வடகரையில் அமைந்த பகுதி இது. 1932-ம் ஆண்டில் காந்தியடிகளும் அம்பேத்கரும் உடன்பாடு கண்ட சிறைச்சாலை இங்குள்ளது. காந்தியடிகள் கையில் எடுத்துச் செல்லும் பெட்டி இராட்டைக்கும் ‘ஏரவாடாச் சக்கரம்’ என்றே பெயர் நின்றுவிட்டது. இன்றோ ஏரவாடாவைப் பெரும்பாலோர் நகர்ச் சாலையில் வாகன நெரிசலுக்காகவே நினைவுகூர்கின்றனர். விமான நிலையத்திற்கும், கராடியின் அலுவலகக் கட்டடங்களுக்கும், முன்னர் அகமத்நகர் எனப்பட்ட அகில்யாநகர்ப் பக்கம் செல்லும் லாரிகளுக்கும் வழி இதுவே. தொழிலாளர் குடியிருப்புகள் பல இங்கு உள்ளன. வடகரையில் வாழ்ந்து தென்கரையில் வேலை பார்ப்பவன் பாலத்தைக் கடந்தே ஆக வேண்டும். சந்துபொந்துகளில் நுழைந்து பெருஞ்சாலையைத் தவிர்க்கும் உபாயம் ஆற்றங்கரையில் பயன்படாது.

சாலைப் பாதுகாப்பு வாரங்களில் பள்ளிகள்தோறும் கூறப்படுவன யாவரும் அறிந்தவை. மணி ஒலிக்க வேண்டும். பிரேக் பிடிக்க வேண்டும். இரவில் விளக்கு எரிய வேண்டும். இடப்புறமே செல்ல வேண்டும். இவற்றுள் ஒன்றையும் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் இவ்வறிவுரைகள் அனைத்தும் சைக்கிள்காரனை நோக்கியே கூறப்படுகின்றன. அவனை இடித்துத் தள்ளும் வாகனத்தின் வேகத்தையும், அவனுக்கென்று விடப்பட்ட சாலையின் அகலத்தையும் பற்றி இவை வாய் திறப்பதில்லை. ஆபத்தின் பெரும்பகுதி அவ்விரண்டிலேயே அடங்கியுள்ளது என்பது எளிய கணக்கால் விளங்கும்.

வேகத்தின் கணக்கு

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் முன்னே 14 மீட்டர் தொலைவில் ஒரு சிறுவன் சைக்கிளோடு சாய்ந்து விழுகிறான் என்று கொள்வோம். ஓட்டுநர் அதனைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்கு ஒரு வினாடி ஆகும். அதற்குள் கார் 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடிவிடும். உலர்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்தபின் இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடும். ஆக, சிறுவனுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் முன்னதாகவே வண்டி நின்றுவிடுகிறது. அதே கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வருமாயின், அந்த ஒரு வினாடியிலேயே 14 மீட்டரைக் கடந்துவிடும். அதாவது, ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடும் தருணத்தில், வேகம் சிறிதும் தணியாமலே, வண்டி சிறுவனை அடைந்துவிட்டது. வேகத்தில் உள்ள வேறுபாடு 20 கிலோமீட்டர். விளைவில் உள்ள வேறுபாடு உயிர்.

மோதலின் கொடுமையும் வேகத்தோடு ஒரே அளவில் வளர்வதன்று. இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிப் பெருகுவது. வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும். மாணவர்க்கு இதனை விளக்க ஒரு வழி உண்டு. 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஓட்டு வீட்டின் கூரையிலிருந்து, விழுவதற்கு ஒப்பாகும். 50 கிலோமீட்டர் வேகத்திற்கு அவ்வுயரம் ஏறத்தாழ 10 மீட்டர். 60-க்கு 14 மீட்டர். மாடியின் கைப்பிடிச் சுவரில் குழந்தை ஏறினால் பதறாத தாய் இல்லை. அதே குழந்தை 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகள் ஓடும் சாலையில் சைக்கிளில் செல்லும்போது நாம் கொடுத்தனுப்புவது ஒரு மணியும் சில அறிவுரைகளுமே.

தலைக்கவசத்தைப் பற்றியும் இங்கேயே கூறிவிடலாம். தானே தடுமாறி விழும் சைக்கிள்காரனின் தலையை அது நன்கு காக்கும், அணிவது நலமே. ஆனால் லாரி ஏறுவதைத் தடுப்பதற்காக அது செய்யப்பட்டதன்று.

அகலத்தின் கணக்கு

சைக்கிளின் கைப்பிடி 60 சென்டிமீட்டர் அகலமே உடையது. ஆயினும் நேர்கோட்டில் செல்லும் சைக்கிள் உலகில் இல்லை. ஓட்டுபவர் விழாதிருக்க வேண்டுமாயின், சாயும் பக்கத்திற்கே கைப்பிடியைச் சிறிது திருப்பிச் சமநிலையைக் கணந்தோறும் மீட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே சக்கரத்தின் தடம் பாம்பு ஊர்ந்ததுபோல் வளைந்தே அமையும். இவ்வசைவையும் சேர்த்தால் ஒரு சைக்கிளுக்கு ஒரு மீட்டர் அகலம் வேண்டும். மணிக்கு 10, 12 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் குறையுமாயின் அசைவு இன்னும் மிகும்.

வேகம் குறைவது எங்கே? மேட்டில் ஏறும்போதும், எதிர்க்காற்றிலும், விளக்குக்கம்பத்தருகே நின்று மீண்டும் புறப்படும்போதும். பாலத்தின் ஏற்றத்தில் இம்மூன்றும் ஒருங்கே நேரக்கூடும். பின்னால் கேரியரில் மூட்டையும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சைக்கிளுக்கு மிகுந்த இடம் தேவைப்படும் அதே இடத்தில்தான், பாலத்தின் அகலம் அளவானது என்னும் காரணத்தால், அதற்கு மிகக் குறைந்த இடம் விடப்படுகிறது. ஏரவாடாப் பாலத்திற்கு மட்டும் உரிய குறையன்று இது. மதுரை வைகையிலும் திருச்சி காவிரியிலும் பாலம் கடப்பவர்கள் இதனை உணர்ந்திருப்பர்.

நகரச் சாலையில் ஒரு வண்டி வரிசைக்கு வகுக்கப்படும் அகலம் 3.5 மீட்டர். பஸ்ஸின் அகலம் 2.6 மீட்டர், சைக்கிளுக்கு ஒரு மீட்டர், இரண்டிற்கும் இடையே குறைந்த அளவு ஒரு மீட்டர் இடைவெளி. கூட்டினால் 4.6 மீட்டர் ஆகிறது. எனவே பஸ் அதே வரிசையில் இருந்துகொண்டே சைக்கிளை முந்துவது கணக்கின்படி இயலாத காரியம். இயலாத காரியம் ஒவ்வொரு நாளும் நடைபெறுகிறது என்றால், இடையிலிருக்க வேண்டிய ஒரு மீட்டர் பறிபோகிறது என்பதே பொருள். முந்தும் வண்டி ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் விலகிச் செல்ல வேண்டும் எனப் பல நாடுகள் சட்டம் இயற்றியிருப்பது இதனாலேயே.

சந்திப்புகளில் மற்றோர் ஆபத்து மறைந்துள்ளது. நீண்ட லாரியோ பஸ்ஸோ இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை; அதைவிடச் சிறிய வட்டத்தில், மூலையை ஒட்டி, உட்புறமாக இழுபட்டுச் செல்கின்றன. சிவப்பு விளக்கின்போது லாரியின் இடப்பக்கமாக முன்னேறி நிற்கும் சைக்கிள்காரன், முன்சக்கரம் தன்னைத் தாண்டிச் சென்றதும் தப்பித்தோம் என்று நினைக்கிறான். பின்சக்கரம் அவன் நிற்கும் இடத்திற்கே வருகிறது. மேலும், உயரமான இருக்கையில் அமர்ந்த ஓட்டுநருக்கு வண்டியின் இடப்பக்க முன்மூலையை ஒட்டிய நிலம் கண்ணில் படாது. இதனைச் சொல்லிப் புரியவைப்பது கடினம்; காட்டுவது எளிது. பள்ளி பஸ்ஸை மைதானத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, மாணவர்களை ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் அமரச் செய்து, ஒரு சைக்கிளை வண்டியின் பக்கவாட்டில் சிறிது சிறிதாக நகர்த்தினால், அது எவ்விடத்தில் மறைகிறது என்பதை அவர்களே கண்டுகொள்வர். பத்து விரிவுரைகளை விட இந்தக் கால்மணி நேரம் பயன்தரும்.

இரவுப் பயணத்தில் விளக்கிற்கும் சிவப்பு வில்லைக்கும் உள்ள வேறுபாட்டையும் ஆசிரியர்கள் விளக்கலாம். மட்கார்டில் பொருத்தப்படும் வில்லையின் உட்புறம் நுண்ணிய கனசதுர மூலைகளாக அமைந்திருக்கும். எத்திசையிலிருந்து ஒளி வந்து விழினும், மூன்று முகங்களில் மோதி, வந்த திசைக்கே அது திரும்பும். ஆதலால் பின்னால் வரும் காரின் ஓட்டுநருக்கு வில்லை தீப்பொறிபோல் ஒளிரும். ஆனால் குறுக்குச் சாலையிலிருந்து வருபவனது விளக்கின் ஒளி அதன்மேல் படாது. அவனுக்கு அது இல்லாததற்குச் சமம். வில்லைகளின் தரத்தை வரையறுத்து மத்திய அரசு 2020-ம் ஆண்டில் ஆணை பிறப்பித்தது. அது நன்றே, எனினும் வில்லை விளக்கிற்குத் துணை செய்யுமேயன்றி விளக்காகாது.

இயக்கங்கள் செய்தவை

வேகமும் இடமும் சைக்கிள்காரனின் கையில் இல்லை. சாலையை வகுப்போரின் கையில் உள்ளன. அவர்களை அசைப்பதற்கு எழுந்த இயக்கங்களுள் நெதர்லாந்து நாட்டின் இயக்கம் குறிப்பிடத்தக்கது. அந்நாடு ஆதிமுதலே சைக்கிளின் சொர்க்கமாக இருந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. இரண்டாவது உலகப் போருக்குப் பின் அங்கும் கார்கள் பெருகின, சைக்கிள் ஒதுங்கியது. 1971-ம் ஆண்டில் அச்சிறு நாட்டின் சாலைகளில் இறந்தோர் ஏறத்தாழ 3,300 பேர். அவருள் 400-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். தம் சிறுமகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற தலைப்பில் எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் தெருக்களை மறித்து அமர்ந்தனர். 1973-ம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின்போது அரசு சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களைத் தடை செய்ததும் மக்களின் கண்களைத் திறந்தது. அவ்வியக்கம் குழந்தைகளை நோக்கி ‘கவனமாகச் செல்லுங்கள்’ என்று கூறவில்லை; நகரசபைகளை நோக்கி ‘சாலையை மாற்றுங்கள்’ என்றது. பின்வந்த பத்தாண்டுகளில் தனிப்பாதைகள் அமைந்தன. குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைக்கப்பட்டது. குழந்தைகளின் சாவு, ஆண்டுக்குச் சில பத்துகள் என்னும் அளவிற்கு இறங்கிற்று.

புனேயில் இத்தகைய முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1982-ம் ஆண்டில் தோன்றிய ‘பரிசர்’ என்னும் அமைப்பு நடப்போர்க்காகவும் சைக்கிளில் செல்வோர்க்காகவும் தொடர்ந்து வாதாடி வந்துள்ளது. 2006-ம் ஆண்டின் இறுதியில் காத்ரஜ், சுவார்கேட், ஹடப்சர் பகுதிகளை இணைத்துப் பஸ்களுக்குத் தனிவழி அமைக்கப்பட்டபோது அதனருகே சைக்கிள் பாதைகளும் போடப்பட்டன. 2017 டிசம்பரில் மாநகராட்சி விரிவான சைக்கிள் திட்டம் ஒன்றிற்கு ஒப்புதல் அளித்தது. ஏரவாடா வழியே செல்லும் நகர்ச் சாலையிலும் 2016-ல் பஸ் தனிவழி திறக்கப்பட்டது. பின்னர் அதில் ஒரு பகுதி அகற்றப்பட்டது. 2024-ல் அவ்வழியே மெட்ரோ ரயிலும் ஓடத் தொடங்கியது.

ஆனால் போடப்பட்ட சைக்கிள் பாதைகள் பல இடங்களில் பயனற்றுப் போயின. சிறிது தொலைவு ஓடியபின் பாதை ஒரு மின்கம்பத்திலோ மரத்திலோ முடிந்துவிடும். கடைக்காரரின் பெட்டியும் நிறுத்தப்பட்ட ஸ்கூட்டரும் எஞ்சியதை அடைத்துக்கொள்ளும். எங்கே பாதுகாப்பு மிகத் தேவையோ அந்தச் சந்திப்பில் பாதை மறைந்துபோகும். பாதை இருந்தும் சைக்கிள்காரர்கள் அதில் செல்வதில்லை என்று பின்னர் குறை கூறப்பட்டது. பத்தடிக்கு ஒரு முறை அறுந்த கயிற்றைக் கொடுத்துவிட்டு, கிணற்றில் நீர் இறைக்கவில்லை என்று குறை கூறுவதற்கு ஒப்பானது இது.

நம் நாட்டிலேயே வேறொரு திசையில் வெற்றி கண்ட இயக்கத்தையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1991-ம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கும் பணி தொடங்கப் பெற்றது. பல்லாயிரம் பெண்கள் சைக்கிளேறினர். தமிழ்நாட்டு அரசு பள்ளி மாணவர்க்கு விலையில்லாச் சைக்கிள் வழங்குவதும் பிற்காலத்தில் வழக்கமாயிற்று. சைக்கிள் வந்தது, கற்றுக்கொடுத்தாயிற்று, அது ஓடுவதற்குச் சாலையில் இடம் ஒதுக்கும் பணி மட்டும் எஞ்சி நிற்கிறது.

சைக்கிளேறுவோர் பெருகினால் விபத்தும் அதே விகிதத்தில் பெருகாதா எனச் சிலர் கேட்பர். பல நகரங்களின் புள்ளி விவரங்களை ஒப்பிட்டு ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2003-ம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. சைக்கிள்காரர் தொகை இரட்டித்தால் மொத்த விபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மிகுகிறது. எனவே தனி ஒருவருக்கு உள்ள ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. சைக்கிள்களைக் காணப் பழகிய ஓட்டுநர் அவற்றை எதிர்பார்த்தே ஓட்டுகிறார் என்பது ஒரு விளக்கம். மறுபுறமாக, பாதுகாப்பான சாலையில்தான் பலர் சைக்கிளேறுகின்றனர் என்றும் கூறலாம். இரண்டும் ஓரளவு உண்மையாகவே இருக்கும்.

எண்ணிக்கை என்னும் கருவி

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடிய, பெருஞ்செலவில்லாத, அறிவியல் முறைப்பட்ட பணி ஒன்று உண்டு. அது எண்ணுதல். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1962-ம் ஆண்டில் சைக்கிள் பாதைகளைப் பற்றித் தன் 11-ம் எண் வெளியீட்டை அச்சிட்டது. 2015-ம் ஆண்டில் அது திருத்தப் பெற்றது. பழைய வெளியீட்டில் கண்ட வரம்பு நினைவிற் கொள்ளத் தக்கது. மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வாகனங்கள் செல்லும் சாலையில், நெரிசல் மிகுந்த நேரத்தில் மணிக்கு 400 சைக்கிள்கள் சென்றால் தனிப்பாதை அமைக்கலாம். மோட்டார் வாகனங்கள் 200-ஐத் தாண்டுமாயின், சைக்கிள்கள் 100 இருந்தாலே தனிப்பாதை நியாயமாகும். அதன் அகலம் 2 மீட்டருக்குக் குறையலாகாது. ஏரவாடாவிலும், சென்னை, கோவை போன்ற நகரங்களின் எந்தப் பெருஞ்சாலையிலும் 200 மோட்டார் வாகனங்கள் சில நிமிடங்களிலேயே கடந்துவிடும். எஞ்சிய கேள்வி, மணிக்கு 100 சைக்கிள்கள் உண்டா என்பதே. இதற்கு எழுத்தில் விடை கையிலிருந்தால் பொறியாளரிடம் பேசுவது எளிது. வெறும் மனுவுக்குப் பதில் எழுதிவிடலாம்; நேரமும் இடமும் குறித்த எண்ணிக்கையை அவ்வாறு கோப்பில் மூடிவிடுவது அத்துணை எளிதன்று.

2019-ம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவையும் அறிந்திருத்தல் நலம். சாலையை வகுத்த அதிகாரியோ ஒப்பந்தக்காரரோ விதிக்கப்பட்ட தரங்களைக் கைவிட்டதால் சாவோ ஊனமோ நேருமாயின், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அப்பிரிவு வழி செய்கிறது. உயிருக்கு அத்தொகை பெரிதன்று. ஆயினும் குற்றம் சாலையின் அமைப்பிலும் இருக்கக்கூடும் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது சிறு செய்தியன்று.

எண்ணும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். அச்சத்தால் சைக்கிளைக் கைவிட்டோர் சாலையில் தென்படமாட்டார். வற்றிய கிணற்றருகே குடங்களை எண்ணிவிட்டு, இவ்வூருக்குத் தண்ணீர் வேண்டியதில்லை என்று முடிவு கட்டலாகாது. 2011-ம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 44.8 சதவிகிதம் சைக்கிள் உடையவை. கார் உடையவை 4.7 சதவிகிதமே. நாட்டில் 2022-ம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேருள் சைக்கிள்காரர் ஏறத்தாழ 4,800 பேர். இத்தொகை சிறிதாகத் தோன்றுவதைக் கண்டு ஆறுதல் கொள்ளுமுன், சாலையை விட்டு விலகியோர் எத்தனை பேர் என்பதையும் கேட்க வேண்டும்.

ஆகவே ஆசிரியர் தம் வகுப்பில் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். வீட்டில் சைக்கிள் உள்ளவர் எத்தனை பேர்? அவருள் பள்ளிக்குச் சைக்கிளில் வருபவர் எத்தனை பேர்? ஓட்டத் தெரிந்தும் பெற்றோர் தடுப்பதால் வராதவர் எத்தனை பேர்? மாணவிகளின் விடைகளைத் தனியே குறிப்பது அவசியம். பெரும்பாலும் மூன்றாம் கேள்வியின் விடையிலேயே சாலையின் உண்மை நிலை வெளிப்படும்.

சாலையில் எண்ணுவதற்கு இருவர் போதும். காலை 8 மணி முதல் 10 வரையும், மாலை 5 முதல் 7 வரையும், பாதுகாப்பான நடைபாதையில் நின்று, ஒருவர் சைக்கிள்களையும் மற்றவர் மோட்டார் வாகனங்களையும் கால்மணிக்கு ஒரு கட்டமாக ஐந்தைந்தாகக் கோடிட்டுக் குறிக்க வேண்டும். மோட்டார் வாகனங்கள் மிகுதியாயின் ஒவ்வொரு கால்மணியிலும் ஐந்து நிமிடம் எண்ணி மூன்றால் பெருக்கிக் கொள்ளலாம். சைக்கிள்காரருள் பெண்கள், சிறுவர், சுமையேற்றிச் செல்வோர் ஆகியோருக்குத் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். தொழிலாளர் பலர் விடியுமுன்னரே புறப்பட்டுவிடுவர். ஒரு நாளாவது காலை 6 மணிக்கே எண்ணத் தொடங்குதல் நன்று. சிறுவர்களை இப்பணிக்குச் சாலையோரம் நிறுத்துவது தகாது. புனே போன்ற இடங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அம்மாதங்களையும் கோடை விடுமுறையையும் விலக்கி, பண்டிகையில்லாத ஒரு வாரத்தின் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். படிவத்தை மாநகராட்சியின் சாலைப் பிரிவிற்கும் போக்குவரத்துப் போலீசாருக்கும் அனுப்பி, ஒரு பிரதியைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு அதே வாரத்தில், அதே இடத்தில் நின்று எண்ணும்போது அது தேவைப்படும்.